எழுபத்திரண்டாம் எண்ணுக்குப் போன கேக்

பெட்டிகளைக் கீழே போடுவதுதான் என் வேலை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். புதிதாக ஒரு பெட்டி வடிவமைத்தால், அதற்குள் உரிய எடையை வைத்து மூடி, இடுப்பு உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும். அதென்ன பத்து என்று கேட்கலாம். பெட்டிக்கு முகங்கள் ஆறு, ஆறும் ஒவ்வொரு முறை தரையைத் தொட வேண்டும். பிறகு, இருப்பதிலேயே வலுக்குறைந்த ஒரு மூலை, அந்த மூலையில் வந்து சேரும் மூன்று விளிம்புகள். எல்லாம் சேர்ந்தால் பத்து. மூலையைத்தான் முதலில் போடுவோம். முழு எடையும் ஒரு புள்ளியில் இறங்குவதால் பெட்டியின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிடும்.

கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘தொப்பு’. பெட்டி விழும் சத்தம். இந்தப் பெயர் என் மனைவியின் தங்கை காதில் விழுந்த நாளிலிருந்து நான் அவளுக்குத் தொப்பு மாமா. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. அதற்கு விளக்கம் தேவையில்லை.

வாலுவுக்கு நாற்பத்து மூன்று வயது. ரயிலில் இரண்டு நாள் தொலைவில் இருக்கும் ஊரில் நூலகர். கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, உக்காந்துட்டு இருக்கியா?”

“கால்ல கட்டுப் போட்டவ நடனமா ஆடுவேன்? சொல்லு.”

அதற்கு முந்தின வாரம்தான் என் மனைவி, தான் வேலை செய்கிற பல் செட் செய்யும் கூடத்தில், ஈரமான படியில் வழுக்கி விழுந்திருந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்து முழங்கால் வரை மாவுக்கட்டு. எட்டு வாரத்துக்குப் பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

“எனக்குக் கல்யாணம். அஞ்சு வாரம் கழிச்சு, சனிக்கிழமை, பதிவு ஆபீஸ்ல. மொத்தமே எட்டுப் பேருதான்.”

மாப்பிள்ளை அவள் நூலகத்தில் புத்தகங்களுக்குப் புது அட்டை கட்டுகிறவர். பதினோரு வருடமாக இருவரும் ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். இதில் யாருக்கும் சொல்ல என்ன இருக்கிறது என்று இருவரும் இருந்துவிட்டார்களாம்.

அக்கா தங்கை இருவரின் அம்மா இறந்தபோது வாலுவுக்கு ஒன்பது வயது, என் மனைவிக்குப் பதினெட்டு. அந்த வருடத்திலிருந்து வாலுவின் பிறந்தநாள், பள்ளி முடித்த நாள், வேலை கிடைத்த நாள் எல்லாவற்றுக்கும் கேக் செய்தது இவள் கைதான்.

“கேக் நான் அனுப்பறேன்,” என்றாள் மனைவி. “பார்சல்ல.”

“இருக்கிற மாவையெல்லாம் உன் கால்ல பூசிட்டாங்க. கேக்குக்கு எங்கக்கா போவ?” என்று சிரித்த வாலு, உடனே குரல் மாறி, “நிஜமா அனுப்புவியாக்கா?” என்று கேட்டாள்.

போனை வைத்ததும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, நான் போக முடியாது. என் கை பட்டது ஒண்ணாவது அந்த மேஜையில இருக்கணும். முழுசா இருக்கணும். தூளாப் போச்சுன்னா அவ சிரிச்சுக்கிட்டேதான் இருப்பா, ஆனா உள்ளுக்குள்ள அழுவா.”

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன். பத்தொன்பது வருடம் பெட்டி போட்ட திமிர்.

வேறு யாராக இருந்தாலும் நன்றாகச் சுற்றி, கடவுளை வேண்டிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். சோதிக்காத பெட்டியை அனுப்ப எனக்குக் கை வராது. தொழிற்சாலையில் போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் தபாலில் விழுவது மட்டுமா இருக்கிறது? மேலே நாற்பது பெட்டி ஏறும், லாரி நாள் முழுக்கக் குலுங்கும், வெயிலில் கூரைத் தகடு காயும். அந்த வழி முழுவதையும் கேக் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி என் கைக்கு வர வேண்டும். வாலுவுக்கே அனுப்பிப் பார்க்கலாமா என்றால், உடைந்த கேக்கை அவள் கண்ணில் காட்டக் கூடாது என்று மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். என் வீட்டு முகவரிக்கே அனுப்பினால் நான்கு தெரு சுற்றிவிட்டு வந்துவிடும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வாலு இருக்கும் தெருவுக்கே அனுப்புவது, ஆனால் இல்லாத வீட்டுக்கு. அவள் வீடு பதினான்கு. தெரு நாற்பத்தாறோடு முடிந்துவிடும். நான் எழுபத்திரண்டு என்று போட்டு, பெறுபவர் இடத்தில் என் பெயரையே எழுதினால், பெட்டி அந்த ஊர்த் தபால் நிலையம் வரை போகும். வீடு இல்லை என்று முத்திரை குத்தி அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். போகிற அடியும் வருகிற அடியும் சேர்ந்து இரண்டு மடங்கு சோதனை. இதைத் தாங்குகிற கேக் ஒருவழிப் பயணத்தைத் தூங்கிக்கொண்டே முடித்துவிடும்.

“இதெல்லாம் தப்பில்லையாங்க?” என்றாள் மனைவி.

“தப்பான முகவரி தினமும் ஆயிரம் வருது. அதுக்குன்னே ஏற்பாடு வெச்சிருக்காங்க.”

தொழிற்சாலையில் ஒட்டுச்சீட்டு அச்சடிக்கும் இயந்திரத்தில் ஒரு தாளுக்கு நான்கு சீட்டு வரும். எழுபத்திரண்டாம் எண்ணை நான்கிலும் அச்சடித்துக்கொண்டேன்.

முதல் கேக் மெத்தென்ற முட்டை கேக். மனைவி சமையலறையில் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டி, மடியில் பாத்திரத்தை வைத்து அடித்தாள். அளந்து கொடுப்பதும் அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் நான். ஒன்பது நாள் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. திறந்தால் உள்ளே ரவை மாதிரி ஒரு மேடு. மனைவி ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி, அதில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுச் சாப்பிட்டாள்.

“ருசிக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இதைக் கேக்னு சொன்னா கேக்குக்கே கோவம் வரும்.”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பெட்டி கீழே விழும்போது உள்ளே இருப்பதும் கூடவே விழுகிறது. பெட்டி தரையில் மோதி நின்றுவிடும். உள்ளே இருப்பதற்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை, அது விழுந்துகொண்டே இருக்கிறது. நடுவில் விரல் அகலம் காலி இடம் இருந்தாலும், கேக் போய்ச் சுவரில் தானாக முட்டிக்கொள்ளும். காலி இடத்தை ஒழித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கேக்கின் கையில். முட்டை கேக்கில் மாவைவிடக் காற்றுக்குமிழி அதிகம், குமிழிகளின் சுவர் மெல்லியது. அதை நான் எந்தப் பெட்டியிலும் காப்பாற்ற முடியாது என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டேன்.

“பேரீச்சம்பழம் போட்டுச் செய்வோம்,” என்றாள். “அது கனமா, பிசுக்குனு இருக்கும். அவளுக்கும் அதுதான் பிடிக்கும்.”

இரண்டாவது கேக் அது. பேக்கிங் டின்னை விட்டு எடுக்காமல் டின்னோடு அனுப்புவது என்பது அவள் யோசனை. டின் சுவருக்கும் கேக்குக்கும் நடுவே இடமே இல்லை அல்லவா. எனக்கு அது தோன்றாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் தபால் நிலையம் மூடிவிடும் என்று நான் பறந்ததில், சூடு முழுக்க ஆறுவதற்கு முன்பே காகிதம் சுற்றிவிட்டோம். சூடான கேக் மூச்சு விடும். அந்த ஆவி போக வழியில்லாமல் மூடிக்கு அடியில் நீராகி, மறுபடி கேக்கின் தலையிலேயே சொட்டும். எட்டு நாள் கழித்து வந்த கேக் முழுசாக இருந்தது, தலையில் மட்டும் பச்சைப் பூஞ்சை.

“தாடி முளைச்சிருச்சு,” என்றாள் மனைவி. “பெரிய மனுஷனாயிட்டான்.”

மூன்றாவது முறை டின்னை ராத்திரி முழுக்க ஆற விட்டோம். வெண்ணெய்த்தாள் ஒரு சுற்று, பிளாஸ்டிக் தாள் இரண்டு சுற்று. டின்னைச் சுற்றி ஆறு பக்கமும் மூன்று விரல் கனத்துக்குக் கசக்கிய காகிதம், அமுக்கினால் கொஞ்சம் இறங்கி மறுபடி எழும்பும் அளவுக்கு. பெட்டியில் அட்டையின் நெளிவரிகள் செங்குத்தாக நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். அந்த நெளிவுகள்தான் பெட்டியின் தூண்கள், படுக்கப் போட்டால் தூணுக்கு என்ன வேலை?

தபால் நிலையக் கவுன்ட்டரில் இருந்த அம்மாவுக்கு என் முகம் பழகிவிட்டிருந்தது. பெட்டியைத் தராசில் வைத்தவர் ஒட்டுச்சீட்டை இரண்டு முறை படித்தார்.

“சார், அனுப்பறதும் நீங்க, வாங்கறதும் நீங்க. போன தடவையும் இப்படித்தான். உங்களுக்கு நீங்களே பரிசு குடுத்துக்கறீங்களா?”

“ஒரு சோதனைங்க.”

“யாருக்கு?” என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினார்.

மூன்றாவது பெட்டி எட்டாம் நாள் வந்தது. இரண்டு மூலை நசுங்கி, ஒரு பக்கத்தில் யாரோ காலணியோடு ஏறி நின்ற தடம். உள்ளே கேக் டின்னில் வைத்த மேனிக்கு இருந்தது. ஒரு துண்டு வெட்டி இருவரும் சாப்பிட்டோம். செய்த அன்று இருந்ததைவிட நன்றாக இருந்தது. பேரீச்சம்பழத்துச் சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாளாக நாளாக மாவுக்குள் மெல்லப் பரப்பிவிடுகிறது. மனைவி இன்னொரு துண்டு கேட்டாள். அன்று மாலை அவள் முகத்தைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

கல்யாண வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கேக் செய்தோம், திங்கள் காலை நான் கட்டினேன். வாலுவின் உண்மையான முகவரியை மனைவியே தன் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மூலைகளை ஒருமுறைக்கு இருமுறை தடவிப் பார்த்து, ஒட்டி, கொண்டுபோய்க் கொடுத்தேன். வியாழன் போய்ச் சேர்ந்துவிடும், ஒரு நாள் தாமதமானாலும் வெள்ளி. சனிக்குக் கவலையில்லை. வாலுவிடம் ‘வரும்’ என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

வியாழன் காலை, தொழிற்சாலையில் என் மேஜை இழுப்பறையில் அளவுகோலைத் தேடினேன். ஒட்டுச்சீட்டுகளை உரித்த பின்தாள் அடியில் கிடந்தது. பளபளப்பான அந்தத் தாளில் நான்கு கட்டங்கள். நான்கும் காலி.

மூன்று சோதனைக்கு மூன்று சீட்டு. நான்காவது எங்கே?

வேலைச் சீருடைக்கு மாறும்போது கழற்றி மாட்டியிருந்த சட்டையின் பையில் கைவிட்டேன். மனைவி எழுதிய சீட்டு நான்காக மடித்தபடி அங்கேயே இருந்தது. மூன்று வாரமாகப் பழகிய கை, மூலையைத் தடவிய கவனத்தில், நான்காவது கேக்கையும் எழுபத்திரண்டாம் எண்ணுக்கே அனுப்பிவிட்டிருந்தது.

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தபால் நிலையத்துக்கு ஓடினேன். கவுன்ட்டர் அம்மா முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

“இல்லாத வீடுன்னு தெரிஞ்சே போட்டீங்களா? மூணு தடவையும்?”

“ஆமாங்க.”

“வீட்ல அம்மாவுக்கு விஷயம் தெரியுமா?”

“சோதனை தெரியும். இது தெரியாது.”

அவர் ஒரு படிவத்தை எடுத்து என் முன் தள்ளினார். பெறுபவர் கையில் சேரும் வரை பார்சல் அனுப்பியவருக்கே சொந்தம், அதனால் நடுவழியில் முகவரியை மாற்றச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ரசீது எண், பழைய முகவரி, புதிய முகவரி, கையெழுத்து. இவ்வளவு அழகான ஒரு ஏற்பாடு இருப்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவர் அதைக் கணினியில் ஏற்றி அனுப்பினார்.

“அங்க யாராவது கம்ப்யூட்டரைத் திறந்து பாத்தாத்தான். எதுக்கும் போன் பண்ணிருவோம்,” என்று அந்த ஊர் எண்ணைத் தேடிச் சுழற்றி, ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

பார்சல் பட்டுவாடா செய்கிறவரே எடுத்தார். தெருப் பெயரைச் சொன்னதுதான் தாமதம்.

“எழுபத்திரண்டு சாரா நீங்க?”

“ஆமாங்க.”

“உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன். அந்தத் தெரு நாப்பத்தாறோட முடியுது சார். அதுக்கப்புறம் வாய்க்கா. முதல் தடவை, புதுசா வீடு கட்டியிருப்பாங்களோன்னு வாய்க்கா ஓரமாவே நடந்தேன். ரெண்டாவது தடவை மழை. பொட்டியை ரெயின்கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, பின்தெருவுல இருக்குமோன்னு அங்கயும் வீடு வீடாக் கேட்டேன். மூணாவது தடவை என் சம்சாரம் கேக்கறா, அந்த எழுபத்திரண்டு கெடச்சுதான்னு.”

லாரி, பெட்டிகளை நகர்த்தும் பட்டை, முத்திரை, பை என்று வழியிலுள்ள எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். கடைசியில் ஒரு மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைத் தேடி நடப்பார் என்பதை யோசிக்கவே இல்லை.

“தப்புதாங்க,” என்றேன். “மன்னிச்சுக்கங்க.”

“இன்னிக்கு நாலாவது வந்துச்சு. பாத்ததுமே சரிதான்னு சொல்லி, தேடாம நேரா ரிட்டர்ன் பையில போட்டுட்டேன். பை சீல் ஆயிருச்சு. சாயங்காலம் அஞ்சு மணி வண்டிக்குப் போயிரும்.”

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமைக் கல்யாணம், அக்காவின் கால், பதினான்காம் எண்.

“பதினாலா? லைப்ரரி மேடமா?” குரல் மாறியது. “அவங்களுக்கா கல்யாணம்? அட, சொல்லவே இல்ல பாருங்க.” கொஞ்சம் நிறுத்தி, “சீல் வெச்ச பையை நான் தொட முடியாது சார். ஆபீசரும் இன்னொருத்தரும் கையெழுத்துப் போடணும். ஆபீசர் சாப்பிடப் போயிருக்காரு. வரட்டும், கேக்கறேன். உங்க வீட்டு போன் நம்பரைக் குடுங்க,” என்றார்.

வீட்டுக்கு நடந்தேன். மனைவி ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வேலை நேரத்தில் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“கேக்கா?”

சொன்னேன். பின்தாளையும் அவள் எழுதிய சீட்டையும் மேஜையில் வைத்தேன். அவள் சீட்டை எடுத்துப் பிரித்து, தன் கையெழுத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குக் கால்ல ஒடஞ்சுது,” என்றாள். “உங்களுக்கு எங்க ஒடஞ்சுதுன்னு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்.”

“எடுத்துரலாம்.”

“இன்னொண்ணு செஞ்சு அனுப்பினா?”

“போய்ச் சேர மூணு நாள் ஆகும்.”

அவள் தலையாட்டினாள். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது. ஒருமுறை அடித்தது, யாரோ எரிவாயு அடுப்பு சர்வீஸ் செய்யலாமா என்று கேட்டார்கள். மூன்றே முக்காலுக்கு மறுபடி அடித்தது. மனைவி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“எழுபத்திரண்டு சார், எடுத்தாச்சு. ஆபீசர் முதல்ல முடியாதுன்னாரு. முகவரி மாத்தச் சொல்லி ஃபாரம் வந்திருக்கு பாருங்கன்னு காமிச்சேன். அப்பறமும் யோசிச்சாரு. சார், மூணு தடவை தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன், ஒரு தடவையாவது யார் கையிலயாவது குடுத்துடறேனேன்னு சொன்னேன். போட்டுட்டாரு கையெழுத்து.”

“ரொம்ப நன்றிங்க,” என்றாள் மனைவி.

“அக்காங்களா? காலைல முதல் டெலிவரி இதுதாங்க. மூலை ஒண்ணு லேசா நசுங்கியிருக்கு, உள்ள எப்படியோ தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உள்ள என்ன?”

“பேரீச்சம்பழ கேக்.”

“அதான். பையத் தொறந்ததும் ஆபீசே மணக்குது.”

மறுநாள் காலை அவர் கொடுத்துவிட்டார் என்று வாலு ஒரு வரி செய்தி அனுப்பினாள். பிரிக்கவில்லையாம், நாளைக்கு எல்லோர் முன்னாலும்தான் பிரிப்பாளாம். மனைவிக்கு அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாலு வீடியோவில் வந்தாள். சாம்பல் நிறச் சேலை, தலையில் ஒரு பூ, பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு கூச்சமாக மாப்பிள்ளை. கையெழுத்தெல்லாம் முடிந்துவிட்டதாம். பின்னால் அவள் வீட்டு மேஜை, நாற்காலிகள். எட்டு என்றது ஒன்பதாகியிருந்தது. ஒன்பதாவது நாற்காலியில் காக்கிச் சட்டைக்கு மேல் கோட்டு போட்ட ஒருவர் கும்பிட்டார். “நான்தான்,” என்றார்.

“தொப்பு மாமா,” என்றாள் வாலு, “எல்லாம் கேள்விப்பட்டேன். உங்களுக்கு எங்க ஊர்ல ஒரு வீடு கட்டிக் குடுத்துரலாம்னு இருக்கோம். எழுபத்திரண்டாம் நம்பர், வாய்க்காலுக்குள்ள.”

“பெட்டியைப் பிரிடி முதல்ல,” என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளைதான் பிரித்தார். புத்தக அட்டை உரிக்கும் மெல்லிய கத்தியால் ஒட்டுத்தாளைப் பிசிறில்லாமல் வெட்டினார். அவரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. காகிதம் போனது, பிளாஸ்டிக் தாள் போனது, வெண்ணெய்த்தாள் போனது. டின்னைத் தலைகீழாக்கித் தட்டினார்கள். தட்டில் அது இறங்கி உட்கார்ந்தது. விரிசல் இல்லை, ஓரம் கூட உதிரவில்லை. யாரோ கை தட்டினார்கள்.

என் மனைவி கை தட்டவில்லை. திரைக்கு வெகு அருகில் குனிந்திருந்தாள்.

“நடுவுல விரலால அழுத்திப் பாரு.”

முழுசாக இருப்பதும் நன்றாக இருப்பதும் வேறு வேறு. உள்ளே ஈரம் சரியாக நின்ற கேக், அழுத்திய இடத்தில் மெதுவாக எழும்பிவிடும். காய்ந்துபோனது குழியாகவே நிற்கும். பெட்டியை வைத்து அதைச் சொல்ல முடியாது, விரல்தான் சொல்லும்.

வாலு விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டு, ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். எல்லோரும் பார்த்தோம்.

“எழுந்துருச்சாடி?”

“எழுந்துருச்சுக்கா.”

“சரி, வெட்டு. முதல்ல நீ சாப்பிடு, நான் பாக்கணும்.”

வாலு ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தாள். மென்றுகொண்டே ஏதோ சொல்ல வந்தாள், முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“வாயில வெச்சுக்கிட்டுப் பேசாத,” என்றாள் என் மனைவி. “மெதுவாச் சாப்பிடு. இன்னும் நிறைய இருக்கு.”